முதலில் பஸ், அப்புறம்தான் பட்டியல்

நண்பர் ஒருவர் வெளிநாட்டுப் பயணம் கிளம்பும் முன் தன் திட்டத்தை எனக்கு அனுப்பி, "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். எக்செல் கோப்பு. முதல் கட்டத்தில் பார்க்க வேண்டிய இடம், அடுத்ததில் அதற்குப் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன், அதற்கடுத்ததில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று. கோபுரத்துக்கு முக்கால் மணி நேரம், தேவாலயத்துக்கு அரை மணி நேரம், மியூசியத்துக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். நல்ல உழைப்பு, குறை சொல்ல எதுவும் இல்லை. டாக்ஸி, டூர் வண்டி எதுவும் இல்லாமல் உள்ளூர்ப் போக்குவரத்திலேயே ஊரைச் சுற்றப் போகிறேன் என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். நானும் நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள் என்றுதான் பதில் போட்டேன். ஆனால் அந்தக் கோப்பு பல நாள் மனசுக்குள்ளேயே கிடந்து உறுத்தியது. அதில் இடங்கள் இருந்தன, இடங்களுக்கு நடுவில் இருக்கிற ஊர் இல்லை.

உள்ளூர்ப் போக்குவரத்தில் ஊர் சுற்றுங்கள் என்று யார் சொன்னாலும் பெரும்பாலும் காசு மிச்சமாகும் என்பதற்காகத்தான் சொல்கிறார்கள். மிச்சமாகும், உண்மைதான். அதை மட்டும் பார்த்தால் பஸ் என்பது விலை குறைந்த டாக்ஸி ஆகிவிடுகிறது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நம்மைக் கொண்டு சேர்க்கிற வேலைதான் அதற்கு. நான் சொல்ல வருவது வேறு. எந்தெந்த இடம் பார்க்கலாம் என்று முதலில் எழுதிவிட்டு அதற்கு வண்டி தேடுவதை நிறுத்திவிட்டு, எந்தத் தடத்தில் ஏறலாம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் அந்தத் தடத்திலேயே வந்துவிடும். வராதவற்றை விட்டுவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்பது என் கருத்து. இதை யாரிடம் சொன்னாலும் சண்டைக்கு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதிப் பார்க்கிறேன்.

மெட்ரோ மறைப்பது

புது ஊருக்குப் போகிறவர்களுக்கு எல்லாரும் கொடுக்கிற அறிவுரை மெட்ரோவில் போ என்பதுதான். அதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டேஷன் இடம் மாறாது, பெயர் பெரிதாக எழுதியிருக்கும், வரைபடம் சுவரில் இருக்கும், மொழி தெரியாவிட்டாலும் நிறத்தை வைத்துப் போய்விடலாம். இந்த வசதியின் பெரும்பகுதியை ஒரு மனிதர் கணக்கில் எழுதலாம். லண்டன் பாதாள ரயிலில் வரைவாளராக வேலை பார்த்த ஹாரி பெக் 1931ல் வரைந்து, 1933ல் அச்சான அந்த வரைபடம். தரைக்கு மேல் எது எங்கே இருக்கிறது என்பது பயணிக்குத் தேவையில்லை, எந்த ஸ்டேஷனுக்கு அப்புறம் எந்த ஸ்டேஷன், எங்கே மாற வேண்டும், அவ்வளவுதான் தேவை என்று முடிவு செய்து, கோடுகளையெல்லாம் நேராக்கி, இடைவெளிகளைச் சமமாக்கிவிட்டார். தேம்ஸ் நதியைத் தவிர மேலே இருக்கிற எதற்கும் அதில் இடமில்லை. அருமையான வேலை. உலகத்தில் பாதி ஊர்கள் அதைப் பார்த்துத்தான் தங்கள் வரைபடத்தை வரைந்தன.

ஆனால் ரயில் மாறுவதற்காக வரைந்த படத்தை ஊரின் படமாக நாம் எடுத்துக்கொள்கிறோம், சிக்கல் அங்கேதான். லண்டனில் லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் நடுவில் சுமார் 260 மீட்டர்தான். வரைபடத்தில் அது மற்ற ஸ்டேஷன்களைப் போலவே ஒரு முழு இடைவெளி. முதல்முறை வருகிறவர் படியிறங்கி, பிளாட்பாரத்தில் காத்திருந்து, ஏறி, இறங்கி, லிஃப்ட்டுக்கு நின்று, மேலே வந்து சேருகிற நேரத்தில் நடந்து போனவர் அங்கே கடைத்தெருவைப் பாதி பார்த்து முடித்திருப்பார். நேரம் போவது கூடப் பெரிதில்லை. பாதாளத்தில் போகிறவருக்கு இரண்டு இடமும் தனித்தனித் தீவு. இது இதற்கு மேற்கே, இது மேட்டில், அது பள்ளத்தில், நடுவில் ஒரு சந்தை என்று மனசுக்குள் ஒரு ஊர் உருவாகவே உருவாகாது.

மெட்ரோவே பார்க்க வேண்டிய இடமாக இருக்கிற ஊர்கள் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1935ல் திறந்த மாஸ்கோ மெட்ரோவில் பளிங்குத் தூணும் சரவிளக்கும் மொசைக் கூரையுமாக ஸ்டேஷன்கள் இருக்கின்றன, அங்கே ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி ஏறுவதே ஒரு நாள் வேலை. ஸ்டாக்ஹோமில் பாறையைக் குடைந்து, குடைந்த பாறையை அப்படியே விட்டு, அதன் மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். அங்கெல்லாம் தாராளமாகக் கீழே போகலாம். டோக்கியோவின் யமனோட்டே மாதிரி தரைக்கு மேல் ஓடுகிற ரயில் என்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை; 34.5 கிலோமீட்டர் வட்டம், 30 ஸ்டேஷன், ஏறிய இடத்துக்கே சுமார் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து விடும்.

பஸ்ஸைப் புதியவர்கள் தவிர்த்ததற்கும் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. எந்த எண் எங்கே போகும், ஸ்டாப் எந்தப் பக்கம், எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் போல இருந்தது. அது மாறத் தொடங்கியது 2005ல். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனம் தன் பஸ், ரயில் நேர அட்டவணைகளையெல்லாம் கூகிளுக்குக் கொடுத்து, இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு ஒரு பொது வடிவம் உண்டாக்கினார்கள். இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஊர்களின் அட்டவணை அந்த வடிவத்தில்தான் வெளியாகிறது. போனில் ஊர்ப் பெயரைப் போட்டால் எந்த ஸ்டாப்பில் எந்த பஸ் எத்தனை நிமிடத்தில் என்று வருகிறதே, அதற்கு அடியில் இருப்பது இந்த வேலை. பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடி நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே வரலாம், இறங்குகிற இடம் தவறாது. பஸ் குழப்பம், மெட்ரோதான் எளிது என்ற அறிவுரை அதற்கு முந்தைய காலத்தது. காலம் போய்விட்டது, அறிவுரை மட்டும் அப்படியே நிற்கிறது.

நூறாம் எண் பஸ்

இந்த விஷயத்தில் என் எண்ணம் திரும்பியது பெர்லினில். அங்கே 100 என்ற எண்ணுள்ள மாடி பஸ் ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். மேற்குப் பக்கம் மிருகக்காட்சிச்சாலை ஸ்டேஷனிலிருந்து கிழக்குப் பக்கம் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வரை போகிறது. பெரிய காட்சிகளில் பாதி வழியிலேயே வருகின்றன, டூர் வண்டிக்குக் கொடுக்கிற காசு மிச்சம் என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டுத்தான் நானும் ஏறினேன். மாடியில் முன் வரிசை கிடைத்தது. பூங்காவுக்குள் போகும்போது மரக்கிளைகள் கண்ணாடியில் சரசரவென்று உரசும், ஒவ்வொரு முறையும் தலையைக் குனியத் தோன்றும். ரவுண்டானா நடுவில் தங்கச் சிலையோடு வெற்றித் தூண், அப்புறம் ஜனாதிபதி மாளிகை, அப்புறம் கண்ணாடிக் கூண்டு வைத்த நாடாளுமன்றம், பிராண்டன்பர்க் வாயில், அங்கிருந்து உன்டர் டென் லின்டன் வீதியில் பல்கலைக்கழகம், ஓபரா, மியூசியத் தீவு, பெரிய தேவாலயம். என் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண், மடியில் பையை வைத்து அதன் மேல் நோட்டை வைத்து வீட்டுப் பாடத்தை அவசர அவசரமாக முடித்துக்கொண்டிருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் பேனாவை ஒரு நொடி தூக்கிப் பிடித்துவிட்டு மறுபடி எழுதுவாள். எந்தத் திருப்பத்தில் குலுங்கும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

கடைசி ஸ்டாப்பில் இறங்கினேன். 368 மீட்டர் டிவி கோபுரம் தலைக்கு மேல் நிற்கிறது, அதைத்தான் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் பார்த்தது தரையை. சதுக்கத்தின் நடுவிலேயே தண்டவாளம் போகிறது. மஞ்சள் டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு, ஜனங்கள் விலக விலக, மெதுவாக உள்ளே வருகிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று. ஏறிய இடத்தில் தண்டவாளம் இருந்ததா என்று யோசித்தேன். இல்லை. வந்த வழியில் மேற்குப் பாதி முழுக்க ஒன்றுகூட இல்லை. ஒரே ஊர், ஒரே பஸ் தடம், ஒரு முனையில் டிராமே கிடையாது, மறுமுனையில் டிராம் இல்லாமல் நகர முடியாது. ஏன்?

அன்று ராத்திரி தங்கிய இடத்தில் டிராம் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். வலது பக்கம் கோடுகள் அடர்ந்து கிடக்கின்றன. இடது பக்கம் கிட்டத்தட்ட வெற்று. விஷயம் இதுதான்: ஊர் இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் மேற்கு பெர்லின் டிராமைப் பழைய காலத்துப் பொருளாக நினைத்து, பஸ்ஸும் பாதாள ரயிலும் போதும் என்று ஒவ்வொரு தடமாக மூடி, 1967 அக்டோபரில் கடைசித் தடத்தையும் நிறுத்திவிட்டது. கிழக்கு பெர்லின் தன் டிராமை வைத்துக்கொண்டது. சுவர் 1989ல் விழுந்தது. தண்டவாளங்கள் எங்கே நின்றனவோ அங்கேயே நின்றன. 1995க்கு அப்புறம் ஒன்றிரண்டு தடங்களை மேற்குக்குள் நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுவர் இருந்த இடத்தைக் காட்ட ரோட்டில் இரட்டை வரிசையாகக் கல் பதித்து வைத்திருக்கிறார்கள், சுற்றுலாப் பயணிகள் அதன் மேல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கல் யாரோ நமக்குக் காட்டுவதற்காகப் பதித்தது. டிராம் வரைபடம் யாரும் காட்டாமலே அதே எல்லையைக் காட்டுகிறது.

அதற்கப்புறம்தான் நான் ஏறிய பஸ்ஸைப் பற்றியே தேடிப் படித்தேன். அந்த 100ஆம் எண் தடம் ஜெர்மனி ஒன்றான சில வாரங்களில், 1990 நவம்பரில் தொடங்கியது. பிரிந்த இரண்டு பாதிகளின் பஸ் போக்குவரத்தை இணைத்த முதல் தடம் அது. சுற்றுலாவுக்காகப் போட்டதில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக முடியாத ஊரில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகப் போட்ட பஸ். வழியில் அத்தனை பெரிய கட்டடங்கள் வருவதற்குக் காரணம், எல்லையின் இருபுறமும் இருந்த முக்கியமான இடங்களை அது கோர்த்துக்கொண்டு போவதுதான். மறுநாள் நார்ட்பான்ஹாஃப் ஸ்டேஷனுக்குப் போனேன். மேற்கு பெர்லினின் சில பாதாள ரயில்கள் கிழக்குக்கு அடியில் புகுந்து மறுபடி மேற்கில் வெளியே வருமாம். கிழக்கில் இருந்த ஸ்டேஷன்களில் நிற்காமல், வேகம் குறைத்து ஊர்ந்து போகும், மங்கிய வெளிச்சத்தில் காவலர்கள் மட்டும் நிற்பார்கள். பேய் ஸ்டேஷன்கள் என்று ஜனங்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நார்ட்பான்ஹாஃப் அதில் ஒன்று, இன்று அங்கே இதைப் பற்றி ஒரு கண்காட்சி இருக்கிறது. நான் எந்தப் பட்டியலிலிருந்தும் அங்கே போகவில்லை. தண்டவாளம் பற்றிய ஒரு கேள்வி கூட்டிக்கொண்டு போனது.

தடம் எதனால் அப்படிப் போகிறது

ஒரு தடத்தை யாரும் சும்மா போடுவதில்லை. ஆறு, மலை, பழைய கடற்கரை, ஆலை, துறைமுகம், வேலைக்குப் போகிற ஜனம், அரசியல் என்று ஏதோ ஒன்று அதை வளைத்திருக்கும். ஹாங்காங் தீவின் வடகரையில் 1904லிருந்து டிராம் ஓடுகிறது, குறுகலான மாடி வண்டி, பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்க வேண்டும், இறங்கும்போதுதான் காசு. மேல்மாடியில் உட்கார்ந்தால் கடைப் பலகைகள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். மேற்கே கென்னடி டவுனிலிருந்து கிழக்கே ஷாவ் கெய் வான் வரை போகிற இந்தத் தடம் நேர்க்கோடாக இல்லை, அங்கங்கே வளைகிறது. முதலில் போட்டபோது அது கடலோரமாகப் போன தடம். அப்புறம் கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலத்தை நீட்டிக்கொண்டே போனதால் இன்று கடல் எங்கோ வடக்கே தள்ளி இருக்கிறது. டிராம் மட்டும் பழைய கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இது தெரிந்து ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் இங்கே அலை அடித்திருக்கும் என்று தோன்றும். அதே கையோடு ஸ்டார் ஃபெரியில் ஏறி அக்கரைக்கும் போய்விட வேண்டும். டோராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சிக்காரர் 1888ல் தொடங்கிய படகுப் போக்குவரத்து அது. மரப் பெஞ்சின் முதுகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக்கொள்ளலாம், அதனால் படகு திரும்பாமலே நாம் எப்போதும் முன்னோக்கி உட்காரலாம். தூர்த்த நிலத்துக்காக 2006ல் தீவுப் பக்கத்துப் படகுத்துறையையே கடலுக்குள் தள்ளிக் கட்டினார்கள். டிராமையும் படகையும் ஒரே நாளில் பார்த்தால் கடல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது உடம்புக்கே தெரிந்துவிடும்.

ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற ஊர் ஒரு ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக நீண்டு கிடக்கிறது. ஆலைகளும் வீடுகளும் நெருக்கியடித்ததில் தரையில் ரயிலுக்கு இடமில்லை. அதனால் ஆற்றுக்கு மேலேயே இரும்புச் சட்டம் போட்டு ரயிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், 1901லிருந்து ஓடுகிறது. 13.3 கிலோமீட்டரில் பெரும்பகுதி ஆற்றின் மேல்தான். 1950ல் சர்க்கஸ் விளம்பரத்துக்காக ஏற்றிய டுஃபி என்ற யானைக்குட்டி மிரண்டு வண்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்து, சின்னக் காயத்தோடு பிழைத்ததை ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அந்த ஊரில் பட்டியல் போட்டுப் பார்க்க அதிகம் இருக்கிறதா என்று கேட்டால் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ரயிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனால் அந்தப் பள்ளத்தாக்கு எப்படி ஒரு தொழில் நகரமானது என்று புரிந்துவிடும்.

கொலம்பியாவின் மெடெயினில் 2004ல் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு ரோப்கார் போட்டு, அதை மெட்ரோவோடு இணைத்தார்கள். சுற்றுலாவுக்கான ரோப்கார் இல்லை, காலையில் வேலைக்கு இறங்குகிறவர்களுக்கும் சாயங்காலம் வீடு திரும்புகிறவர்களுக்கும் ஆனது. பொலிவியாவின் லா பாஸில் 2014லிருந்து இதே ஏற்பாடு இன்னும் பெரிய அளவில். 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிற எல் ஆல்டோவையும் கீழே பள்ளத்தில் இருக்கிற லா பாஸையும் அது கட்டிவைக்கிறது. அந்தக் கூண்டில் உட்கார்ந்து போகும்போது கீழே தெரிவது மொட்டைமாடிகள், காயப்போட்ட துணி, தண்ணீர்த் தொட்டி, நாய். ஏழைகள் மேலே, வசதியானவர்கள் கீழே என்று அந்த ஊர் அடுக்கப்பட்டிருப்பதை எந்தப் பார்வைக் கோபுரமும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

படகு இருக்கிற ஊரில் படகைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கரையிலிருந்து ஆசியக் கரையில் இருக்கிற கடிகோய்க்குப் போகிற படகில் இருபது நிமிடத்தில் பழைய நகரத்தின் மசூதிகளும் அரண்மனையும் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன்னால் அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கம், எந்த மேட்டில் எது என்று தெரிந்துவிடும். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகு 1997லிருந்து இலவசம், இருபத்தைந்து நிமிடம், ராத்திரி பகல் ஓடுகிறது. மன்ஹாட்டனிலிருந்து போகும்போது வலது பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை. கொச்சியில் 2023லிருந்து மின்சாரப் படகுகளை மெட்ரோ என்ற பெயரிலேயே தீவுகளுக்கு விடுகிறார்கள்.

ஏறுவது எப்படி

இதற்கென்று பெரிய முறை எதுவும் இல்லை. ஊரைக் குறுக்காகவோ ஆற்றோரமாகவோ வெட்டிக்கொண்டு போகிற, அடிக்கடி வருகிற ஒரு தடம். தரைக்கு மேலே ஓட வேண்டும். ஆபீஸ் கூட்டம் ஓய்ந்தபின் ஏறுவது நமக்கும் நல்லது, வேலைக்குப் போகிறவர்களுக்கும் நல்லது. முதல் தடவை எங்கேயும் இறங்காமல் கடைசி ஸ்டாப் வரை போக வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை, நான் அடித்துச் சொல்வது இதைத்தான். நடுவில் பிரபலமான இடம் வந்ததும் இறங்கிவிட்டால் மறுபடி பட்டியலுக்குள் போய்விடுவோம். கடைசி ஸ்டாப்பில் பெரும்பாலும் பார்க்க ஒன்றும் இருக்காது, ஒரு பணிமனை, ஒரு பெட்டிக்கடை, வண்டியைத் திருப்புகிற இடம், டிரைவர் இறங்கிக் கைகாலை நீட்டிக்கொண்டிருப்பார். ஊர் எங்கே முடிகிறது என்பதைப் பார்த்தாகிவிட்டது. திரும்பி வரும்போது, போகும்போது கண்ணில் பட்டதையெல்லாம் இறங்கி இறங்கிப் பார்க்கலாம். அதில் பிரபலமானதும் இருக்கும், யாரும் சொல்லாத ஒரு சந்தையோ கல்லறைத் தோட்டமோ நூலகமோ கூட இருக்கும்.

இறங்கி இறங்கி ஏறுவதற்கு நாள் பாஸ் அவசியம். கட்டணம் கணக்குப் பார்த்து அது லாபமா நஷ்டமா என்று பலர் யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் லாபமே இல்லாவிட்டாலும் வாங்க வேண்டும், ஏனென்றால் ஏறும்போதெல்லாம் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்றால் ஜன்னலில் ஏதாவது பிடித்ததைப் பார்த்தாலும் மனசு இறங்கவிடாது. பாஸ் கையில் இருந்தால் யோசிக்காமல் மணியை அடித்துவிடுவோம். சில ஊர்களில் பாஸே வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டிக்கொண்டே போனால் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காது. லண்டனில் அப்படித்தான், அங்கே 2014லிருந்து பஸ்ஸில் ரொக்கமே வாங்குவதில்லை. ஐரோப்பாவில் பல ஊர்களில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, வண்டிக்குள்ளோ பிளாட்பாரத்திலோ இருக்கிற பெட்டியில் குத்தவும் வேண்டும். குத்தாத டிக்கெட் கையில் இருந்தால் பரிசோதகர் அபராதம் போடுவார். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை ஏறும் முன்பே பார்த்துவிட வேண்டும், முக்கியமாக ஊர் விளிம்பு வரை போகிற தடத்தில்.

"நீங்க சொல்றதெல்லாம் சரி, ஆனா எங்களுக்கு இருக்கிறதே மூணு நாள்" என்பதுதான் எல்லாரும் சொல்கிற மறுப்பு. மூன்று நாள்தான் என்றால் முதல் நாள் காலையை மட்டும் ஒரு தடத்துக்குக் கொடுங்கள். அந்த ஒரு காலை மீதி இரண்டரை நாளையும் நேராக்கிவிடும், எது எதற்குப் பக்கத்தில் என்று தெரிந்துவிட்டதால் அலைச்சல் குறையும். "வயசான அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறோம், பஸ் சரிவருமா" என்றும் கேட்கிறார்கள். அவர்களுக்குத்தான் பஸ் இன்னும் சரி. மெட்ரோவில் ஸ்டேஷன் வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை படியும் சுரங்கப்பாதையுமாக எவ்வளவு நடக்க வேண்டியிருக்கிறது என்பதை முழங்கால் வலி இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும். தாழ்தள பஸ்ஸில் நடைபாதையிலிருந்து அப்படியே உள்ளே காலெடுத்து வைத்துவிடலாம், உட்கார்ந்தபடி ஊரைப் பார்க்கலாம்.

இடம் யாருடையது

இந்த முழு யோசனையிலும் எனக்கு உண்மையாகவே சங்கடம் தருகிற ஒன்று உண்டு. உள்ளூர்த் தடத்தில் ஏறு என்று எல்லாரும் சொல்லி எல்லாரும் ஏறினால் உள்ளூர்க்காரர் எங்கே போவார்? லிஸ்பனின் 28ஆம் எண் டிராம் அப்படித்தான் ஆகிவிட்டது. 1930களின் சின்ன மஞ்சள் வண்டி. மேட்டுத் தெருக்களின் வளைவு அவ்வளவு இறுக்கம், நீளமான புது வண்டி திரும்பாது, அதனால்தான் பழசையே பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். அல்ஃபாமா, கிராசா குடியிருப்புகளில் வசிக்கிற வயதானவர்களுக்கு அந்த மேட்டை ஏற அதுதான் துணை. இன்று மார்ட்டிம் மோனிஸ் முனையில் சுற்றுலாப் பயணிகள் வரிசை சதுக்கத்தைச் சுற்றி நிற்கிறது. வண்டி கிளம்பும்போதே நிரம்பிவிடுவதால் நடுவில் காய்கறிப் பையோடு நிற்கிறவர்கள் ஏற முடிவதில்லை. வெனிஸில் பெருங்கால்வாய் வழியே போகிற ஒன்றாம் எண் படகுக்கு வெளியூர்க்காரர்களிடம் குடியிருப்பவர்களைப் போலப் பல மடங்கு வாங்குகிறார்கள். பலர் அதைக் கொள்ளை என்று திட்டுகிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அந்தப் படகு அவர்களுக்கு ரோடு, நாம் அந்த ரோட்டில் நின்று வேடிக்கை பார்க்கிறோம்.

அதனால் பிரபலமாகிவிட்ட தடத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. லிஸ்பனில் அல்ஃபாமா மேட்டுக்கு 12ஆம் எண் டிராமும் போகிறது, கோட்டை வாசல் வரை 737ஆம் எண் பஸ் போகிறது. 28லேயே போக வேண்டும் என்றால் மேற்கு முனையான காம்போ டி ஓரிக்கில் விடிந்ததும் ஏறலாம், அந்த நேரத்தில் இடம் இருக்கும். இல்லையா, கிராசாவிலிருந்து அதன் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தே வரலாம். சில இடங்களில் தெரு அவ்வளவு குறுகல், டிராம் வந்தால் வீட்டுச் சுவரோடு முதுகை ஒட்டித்தான் நிற்க வேண்டும். எங்கே நிற்கலாம் என்று வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் கையைக் காட்டிச் சொல்வார்கள்.